மாந்தோப்புக்குள்ள 50 சென்ட் வாங்கலாமா?

வாசகர் கேள்வி: உடுமலைப்பேட்டைல இருந்து எழுதறேன். நான் ரிட்டயர்ட் டீச்சர், வீட்டுக்காரர் மின்வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு பேருக்கும் 60 தாண்டிருச்சு. கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி முதலமடை பக்கம் 14 ஏக்கர் மாந்தோப்பை அம்பது அம்பது சென்ட்டா பிரிச்சு 'ஃபார்ம் கம்யூனிட்டி'னு விக்கறாங்க. உள்ளே ரோடு, பொது போர்வெல், கேட், கிளப் ஹவுஸ் எல்லாம் வருமாம். மேட்டுப்பக்கம் சென்ட் 80 ஆயிரம், அது முடிஞ்சிருச்சாம். கீழ்ப்பக்கம் 55 ஆயிரத்துக்கு தர்றாங்க. ஓனர்ங்க அண்ணன் தம்பி மூணு பேர், ஒருத்தர் போன வருஷம் தவறிட்டார், ஆனா மூணு பேரோட பவர் பத்திரமும் ப்ரோமோட்டர்கிட்ட இருக்காம். பணம் ஷார்ஜால இருக்கற பையன் தர்றான், அவன் பேர்லயே வாங்கலாம்ங்கறான். வீடு கட்டி அங்கயே கடைசி வரைக்கும் இருந்துக்கலாம்னு ஆசை. கேரளாப்பக்கம் வாங்கறது சரியா, இல்ல ஆனைமலைப் பக்கமே பாக்கறதா? அட்வான்ஸ் 5 லட்சம் இந்த வாரமே வேணும்ங்கறாங்க.

பதில்:

டீச்சர், வணக்கம்ங்க. உங்க லெட்டரோட கடைசி வரிக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், அந்த 5 லட்சத்தை இந்த வாரம் குடுக்காதீங்க. வாங்கவே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. ஆனா நீங்க எழுதினதுலயே மூணு சிக்கல் கண்ணுக்குத் தெரியுது, மூணும் அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி தீர வேண்டியது.

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவுல ஆதாரம் (கிரயப் பத்திரத்துக்கு கேரளாப்பக்கம் அதுதான் பேரு) பாத்து ஒப்பீனியன் குடுக்கற வக்கீல். இப்படி தோட்டத்தைப் பிரிச்சு விக்கற பேப்பர் எது வந்தாலும் எனக்குள்ள ஒரே கேள்விதான் ஓடும். நாளைக்கு இந்த ப்ரோமோட்டர் கணக்கை முடிச்சிட்டு வேற ஊருக்குப் போயிட்டார், கேட்டு துருப்பிடிச்சிருச்சு, கிளப் ஹவுஸ் பாதிலயே நிக்குது, பொது போர் காஞ்சு போச்சுன்னு வச்சுக்கங்க, அப்பவும் உங்க 50 சென்ட் சொந்தக் கால்ல நிக்குமா? தனி வழி, தனி தண்ணி, தனி நம்பர், வீடு கட்டற உரிமை இந்த நாலும் இருந்தா தாராளமா வாங்குங்க, கம்யூனிட்டி வந்தா லாபம், வராட்டி போகுது. இந்த நாலுல ஒண்ணு ப்ரோமோட்டரோட வாய்ச்சொல்லா மட்டும் இருந்தாலும் நிறுத்திடுங்க.

இப்ப கீழ்ப்பக்கம் ஏன் 25 ஆயிரம் கம்மிங்கறதுக்கு வர்றேன், ஏன்னா உங்க விஷயத்துல இதுதான் பெருசு. கேரளாவுல வில்லேஜ் ஆபீஸ்ல பேசிக் டாக்ஸ் ரிஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, பி.டி.ஆர்.னு சொல்லுவோம். அதுல ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் அது என்ன ஜாதி பூமின்னு எழுதிருக்கும். புரையிடம்னு இருந்தா வீடு கட்டற பூமி, கவலை இல்ல. 'நிலம்'னு இருந்தா அது நெல்வயல்னு அர்த்தம். நம்மாளுங்க கரம் ரசீதுல (நிலவரி ரசீது) நிலம்னு பாத்துட்டு, ஆமா நிலம் தானே வாங்கறோம்னு கையெழுத்துப் போட்டுடறாங்க. அந்தக் கீழ்ப்பக்கத்துல இப்ப மாமரம் நிக்கறதால அது வயல் இல்லன்னு ஆயிடாது. தாழ்வான பக்கம், விலை கம்மி, முதல்ல விக்காம மிச்சமாகி நிக்குது, இதெல்லாம் சேத்துப் பாத்தா அது நிலம்னு கிடக்கறதுக்குத்தான் சான்ஸ் ஜாஸ்தி.

அப்படி இருந்தா அதுலயும் ரெண்டு வகை. 2008-ல வந்த நெல்வயல் தண்ணீர்த்தட (சதுப்புநில) சட்டப்படி பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து டேட்டா பேங்க்னு வயல் லிஸ்ட் போட்டாங்க, கிருஷிபவன்ல (விவசாய ஆபீஸ்) போய் கேட்டா காட்டுவாங்க. அந்த லிஸ்ட்ல உங்க சர்வே நம்பர் இருந்தா அதுல வீடு கட்டறதை மறந்துடுங்க, லிஸ்ட்ல இருந்து எடுக்க ஆர்.டி.ஓ.கிட்ட (ரெவின்யூ டிவிஷனல் ஆபீசர்) பாரம் 5 போடணும், 2008-ல அந்த இடம் எப்படி இருந்துச்சுன்னு சாட்டிலைட் படம் வரைக்கும் எடுத்துப் பாப்பாங்க, அதுல வயலாத் தெரிஞ்சா அவ்வளவுதான். சொந்த வீட்டுக்கு 10 சென்ட் வரைக்கும் விடுவாங்களேன்னு யாராச்சும் சொல்வாங்க. அந்தச் சலுகை வேற இடமே இல்லாத பழைய வயல்காரங்களுக்காக வச்சது, இன்னிக்கு வாங்கற நீங்க அதை நம்பி இறங்காதீங்க.

பி.டி.ஆர்.ல நிலம், ஆனா டேட்டா பேங்க்ல இல்லன்னா ரெண்டாவது வகை. இதை வீட்டு பூமியா மாத்த வழி இருக்கு, அதே சட்டத்துல 2018 திருத்தத்துல வந்த 27ஏ பிரிவு, பாரம் 6. ஃபீஸ் உண்டு, 25 சென்ட் தாண்டி 1 ஏக்கர் வரைக்கும் பக்கத்துல இருக்கற கரைபூமியோட (வயல் இல்லாத பூமி) ஃபேர் வேல்யூல, அதாவது அரசு வழிகாட்டி மதிப்புல 10 சதவீதம், 1 ஏக்கருக்கு மேல 20. இருபத்தஞ்சு சென்ட் வரைக்கும் ஃப்ரீன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ப்ரோமோட்டரே கூட 'ரெண்டு ஆதாரமா 25, 25-ன்னு போட்டுக்கலாம் மேடம்'னு சொல்லுவார். 2017 டிசம்பர் 30-ல ஒண்ணா கிடந்த பூமியை அப்புறமா துண்டு போட்டா அந்த ஃப்ரீ கிடையாது. இன்னொரு கூத்து, 20.2 ஆர் (ஒரு ஆர்னா 100 சதுர மீட்டர்) தாண்டினா பத்துல ஒரு பங்கை தண்ணி தேங்கறதுக்குன்னு விடணும், உங்க 50 சென்ட் கணக்குப் போட்டா 20.23 ஆர் வருது. அளக்கறவர் சங்கிலியை எப்படி இழுக்கறாருங்கறதைப் பொறுத்து உங்க வீட்டு மூலைல ஒரு குட்டை!

இதுல என்னோட அபிப்ராயம் ஒண்ணுதான். கன்வெர்ஷன் ஆர்டரை விக்கறவங்க பேர்ல விக்கறவங்களே வாங்கித் தரட்டும், பி.டி.ஆர்.ல மாத்தி கரம் ரசீது புதுசா வரட்டும், அப்புறம் பணம். 'நீங்க வாங்கிக்கங்க, ஆறே மாசத்துல நானே முடிச்சுத் தர்றேன்'ங்கற பேச்சுக்கு ஆதாரத்துல இடமே இல்ல. என்கிட்ட வந்த ஒரு தம்பதி, கோயமுத்தூர்க்காரங்க, இந்தப் பேச்சை நம்பி வாங்கி, தகர ஷெட்டு போட்டு வாரக்கடைசில வந்து மாங்கா பொறுக்கிட்டுப் போறாங்க, வீட்டுக்கு பெர்மிட் இன்னும் வரலை. வாரக்கடைசிக்காரங்களுக்கு ஷெட்டு போதும். கடைசி வரைக்கும் இருக்கணும்ங்கற உங்களுக்குப் போதாது.

அடுத்தது பவர். மூணு பேர் குடுத்த பவர்ல ஒருத்தர் தவறிட்டார்ங்கறீங்க. அவர் பங்குக்கு அந்தப் பவர் அவரோடயே போச்சு டீச்சர், பொதுவா உசுரோட இருக்கற வரைக்கும்தான் பவருக்கு உசுரு. அவர் சம்சாரம், பசங்க யாரெல்லாம் வாரிசோ அத்தனை பேரும் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும், இல்ல புதுசா பவர் குடுக்கணும். மைனர் குழந்தை இருந்தா கோர்ட் பெர்மிஷன் வரைக்கும் போகும். இதை மறைச்சாங்களா இல்ல தெரியாம இருக்காங்களான்னு எனக்குத் தெரியாது, ரெண்டுமே நல்ல சகுனம் இல்ல. அதே மாதிரி ஆதாரமே போடாம பவரும் அக்ரிமென்ட்டும் மட்டும் எழுதித் தர்றேன்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க, அப்படி வாங்கினா பூமி உங்க பேருக்கு வராதுன்னு சுப்ரீம் கோர்ட் 2011-லயே தெளிவா சொல்லிருச்சு.

மூணாவது சிக்கல், பையன் பேர்ல வாங்கறது. ஷார்ஜால வேலை பாக்கறவர்னா அவர் என்.ஆர்.ஐ. ஃபெமாங்கற அந்நியச் செலாவணிச் சட்டப்படி என்.ஆர்.ஐ. விவசாய பூமியோ, எஸ்டேட்டோ, ஃபார்ம் ஹவுஸோ விலைக்கு வாங்கக்கூடாது, இந்தியா பாஸ்போர்ட் வச்சிருந்தாலும் அதேதான். இவங்க போர்டுலயே ஃபார்ம்னு எழுதி வச்சு விக்கறாங்க, அப்புறம் இது விவசாய பூமி இல்லன்னு யார்கிட்ட வாதாடறது? அதனால பையன் உங்களுக்குப் பணத்தை பேங்க் வழியா அனுப்பட்டும், மகன் அம்மாவுக்குக் குடுக்கற பணத்துக்கு வருமான வரி இல்ல, நீங்க உங்க பேர்லயோ ரெண்டு பேர் பேர்லயுமோ வாங்குங்க. பின்னாடி செட்டில்மென்ட் எழுதி மகனுக்குக் குடுத்துடலாம்னு நினைக்காதீங்க, விவசாய பூமியை என்.ஆர்.ஐ.க்கு தானமாவும் குடுக்க முடியாது. வாரிசா அவருக்கு வர்றதுல தடையில்ல, அதனால ஆதாரம் முடிஞ்ச கையோட ஒரு உயில் எழுதி ரிஜிஸ்தர் பண்ணிடுங்க. பொண்ணு இருந்தா அவங்களையும் உக்கார வச்சுப் பேசிட்டு எழுதுங்க, இதுல நான் நிறைய சண்டை பாத்துட்டேன்.

பேப்பர் விஷயம் இவ்வளவு, மிச்சத்தை வேகமா சொல்லிடறேன். முன்னாதாரம் (தாய்ப்பத்திரம்) எல்லாம் பழைய பட்டயம் வரைக்கும் ஜெராக்ஸ் வாங்குங்க, குடிக்கட சர்ட்டிபிகேட் 30 வருஷத்துக்குப் போடுங்க (நம்மூர் வில்லங்கம் தான்), கைவச சர்ட்டிபிகேட் (பூமி அவங்க அனுபவத்துல இருக்குங்கற சான்று), லொகேஷன் ஸ்கெட்ச், நடப்பு வருஷ கரம் ரசீது, எல்லாமே மலையாளத்துல இருக்கும், ஆதாரம் எழுதறவரை வரி வரியா வாசிச்சு அர்த்தம் சொல்லச் சொல்லுங்க, வெக்கமே படாதீங்க. உங்க துண்டு தனியா அளந்து ஸ்கெட்ச்ல நாலு எல்லையோட வரணும், '14 ஏக்கர்ல பிரிபடாத பாகம்'னு எழுதினா அது வேண்டவே வேண்டாம். ரிஜிஸ்தர் முடிஞ்சதும் வில்லேஜ் ஆபீஸ்ல போக்குவரவு (நம்மூர் பட்டா மாறுதல்) பண்ணி உங்க பேர்ல தண்டப்பேர் நம்பர் (பட்டா நம்பர் மாதிரி) விழற வரைக்கும் வேலை முடியலைன்னு வச்சுக்கங்க. தோட்டத்தைப் பிளாட்டாப் பிரிக்க பஞ்சாயத்துல டெவலப்மென்ட் பெர்மிட் வாங்கிருக்காங்களான்னும் கேளுங்க. ரெராவும் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) அப்படித்தான், 500 சதுர மீட்டருக்கு மேல பிளாட் போட்டு ரோடு, கிளப் ஹவுஸ்னு விளம்பரம் பண்றவர்கிட்ட ரெரா நம்பர் கேக்கறது உங்க உரிமை, 'இது அக்ரி லேண்ட், ரெரா தேவையில்ல'ன்னா அதை லெட்டர்ஹெட்ல எழுதித் தரச் சொல்லுங்க, மூஞ்சி மாறறதைப் பாருங்க. ரெரா இருக்கற ப்ராஜெக்ட்னா ரிஜிஸ்தர் அக்ரிமென்ட் இல்லாம 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸே வாங்கக்கூடாது. உங்க கிரயம் இருபத்தேழரை லட்சம், அவர் கேக்கறது 5. கணக்கு உங்களுக்கே தெரியும்.

இனி வழி. ப்ளான் படத்துல 5 மீட்டர் ரோடு ஜம்முனு போட்டிருப்பாங்க. அந்த உள்ரோடு யார் பேர்ல இருக்கு? ப்ரோமோட்டர் பேர்லயே கிடந்தா நாளைக்கு அதையும் வித்துட்டுப் போவார். ஒவ்வொரு ஆதாரத்துலயும் வழி அவகாசம் (வழியுரிமை) எழுதிருக்கணும், அதுவும் 'வாகனம் போக வர'ன்னு. அதைவிட முக்கியம், தோட்டத்து கேட்ல இருந்து பஞ்சாயத்து ரோடு வரைக்கும் நடுவுல என்ன இருக்குங்கறது. எங்க பக்கம் பாதி தோட்டத்துக்கு வழி கனால் கரை மேலதான். டிராக்டர் போகுது, மாங்கா லாரி போகுது, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா அது இரிகேஷன் டிபார்ட்மென்ட் கரை, உங்களுக்கு உரிமை கிடையாது, ஒரு நாள் சங்கிலி போட்டா போட்டதுதான். நேர்ல போறப்ப காரை கேட் வரைக்கும் ஓட்டிட்டுப் போகாம மெயின் ரோட்லயே நிறுத்திட்டு நடந்து போங்க. கீழ் மூலைல வேலிக்குப் பக்கத்துல புல்லு முளைக்காம ஒரு ஒத்தையடிப் பாதை தேஞ்சு கிடக்குதான்னு பாருங்க. கிடந்தா அது பின்னாடி இருக்கற காலனி ஜனங்க தலைமுறையா நடக்கற வழி, ப்ரோமோட்டர் கம்பிவேலி போட்டு அடைச்சா கோவம் வேலி மேல வராது, அங்க குடியிருக்கற உங்க மேலதான் வரும். அந்த வழியை விட்டு வேலி போடறதா இருந்தா அங்க நிம்மதியா இருக்கலாம்.

தண்ணியைப் பத்தி உடுமலைக்காரங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல, பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கா தெரிஞ்சவங்க நீங்க. ஆனா பார்டர் தாண்டினா அதே பி.ஏ.பி. வேற கணக்கு, 1970 ஒப்பந்தப்படி பார்டர் பக்கத்து மணக்கடவுல தமிழ்நாடு வருஷம் 7.25 டி.எம்.சி. எங்களுக்கு விடணும், வருதா வரலையாங்கறதே எங்க பக்கத்து வருஷாந்தர அரசியல். இது கேரளா தானே, மழை கொட்டும்னு நினைச்சு வர்றவங்க நிறைய. கிழக்கு பாலக்காடு மழைமறைவு பூமி, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்கற ஈரத்தையும் தூக்கிட்டுப் போயிடும். பக்கத்துலயே பெருமாட்டி பஞ்சாயத்துல பிளாச்சிமடை, 2000-ல வந்த கோலா கம்பெனி 2004-ல மூடினதே கிணத்துத் தண்ணி விவகாரத்துலதான். அதனால போர் சம்பந்தமா பஞ்சாயத்தும் ஜனங்களும் இங்க உஷாரா இருப்பாங்க.

பொது போர்வெல் ஒண்ணை நம்பி இருபத்தஞ்சு வீடுன்னா எனக்குப் பயம்தான். அது யார் பூமில இருக்கு, கரண்ட் பில் யார் கட்டறது, மோட்டார் எரிஞ்சா யார் மாத்தறது? எல்லாம் எழுத்துல வேணும். ஏப்ரல் மாசக் கடைசில போய் அந்த போரை ரெண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்க, ஜூலைல எல்லா போரும் ஊத்தும். தண்ணியை ஃப்ளோரைடு டெஸ்ட்டுக்குக் குடுங்க, எங்க கிழக்குப் பக்கம் ஃப்ளோரைடு பிரச்சனை உள்ள பகுதி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா குடிக்க ஆகாது. மீன்கரை டேம் குடிநீர் லைன் அந்த ரோட்ல வருதான்னு பஞ்சாயத்துல கேட்டுக்கங்க, அது வந்தா பெரிய நிம்மதி. வீட்டுக்காரர் மின்வாரியம்ங்கறதால ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், தமிழ்நாடு மாதிரி விவசாய கரண்ட் எல்லாருக்கும் ஃப்ரீயெல்லாம் இங்க இல்ல, கே.எஸ்.இ.பி.ல (கேரளா மின்வாரியம்) விவசாய ரேட்டு தனி, சின்ன விவசாயிக்கு கிருஷிபவன் வழியா சலுகை வரும், அப்ளிகேஷன் போடணும்.

மாந்தோப்புக்குள்ள குடியிருக்கறதுல யாரும் விளம்பரத்துல சொல்லாத ஒண்ணு மருந்தடி. முதலமடை மாங்கா சீசனுக்கு முன்னாடியே மார்க்கெட்டுக்கு வர்றதாலதான் அதுக்கு அந்த விலை, அதுக்காக பூ எடுக்கற காலத்துல இருந்து சுத்துப்பட்டு தோட்டத்துல பவர் ஸ்ப்ரேயர் ஓடிட்டே இருக்கும். உங்க ரெண்டு பேர்ல யாருக்காச்சும் வீசிங், ஆஸ்துமா இருந்தா நவம்பர் டிசம்பர்ல ஒரு வாரம் அந்தப் பக்கம் வாடகைக்குத் தங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் உங்க மரத்து மாங்காயே உங்களுதான்னு கேட்டுக்கங்க, தோட்டத்தை கான்ட்ராக்டருக்கு ரெண்டு மூணு சீசனுக்கு சேத்து குத்தகை விட்டிருப்பாங்க, ஆதாரம் உங்க பேர்ல ஆனப்புறம் ஒருத்தர் ஏணியோட வந்து நிப்பார். தென்மலை அடிவாரத்தை ஒட்டின இடம்னா யானை, பன்னி எல்லாம் உண்டு, ராத்திரி டார்ச்சோட வெளிய போற பழக்கத்தை விடணும்.

மனுஷங்களைப் பத்தி நீங்க கேக்கலை, ஆனா அதுதான் உங்களுக்கு அன்றாடம். தமிழ் பேசறவங்க ஜாஸ்தி உள்ள பகுதி, டீக்கடைல, பஸ்ல, ரேஷன் கடைல எல்லாம் தமிழ் ஓடும், அந்தக் கவலையே வேண்டாம். எனக்குப் பயம் கேட்டுக்கு உள்ளதான். இருபத்தஞ்சு பிளாட் வாங்கினவங்கள்ல எத்தனை பேர் நிஜமா வீடு கட்டிக் குடியிருக்கப் போறாங்க? பெரும்பாலும் பெங்களூர், கோயமுத்தூர்ல இருந்து மாசம் ஒருக்கா வர்றவங்கதான். செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு உங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலின்னா அந்த 14 ஏக்கர்ல கேட் தொறந்துவிட வாட்ச்மேன் ஒருத்தர்தான் இருப்பார், பொள்ளாச்சி வரைக்கும் வண்டியை யார் ஓட்டறது? அதனால வாங்கினவங்க நம்பர் நாலஞ்சு வாங்கி நேரடியா கேளுங்க, எப்ப வீடு கட்டறீங்க, இங்கயே தங்குவீங்களான்னு. உங்களை மாதிரி ரெண்டு குடும்பம் நிச்சயமா வர்றாங்கன்னா தைரியம். இல்லாட்டி அதே பஞ்சாயத்துல ஊரை ஒட்டி, பத்து வீடு இருக்கற தெருவுல 15 சென்ட் புரையிடம் பாருங்க, நாலு மாமரம் வைக்க அது போதும், பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டா குரல் கேக்கும். எனக்குக் கேட்டா உங்க வயசுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். குடும்பஸ்ரீ (மகளிர் குழு), ஹரித கர்ம சேனா பொண்ணுங்க மாசாமாசம் பிளாஸ்டிக் எடுக்க 50 ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கு வர்றது, நூலகம், கிராமசபை, இதெல்லாம் ஊருக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் நிஜமா உபயோகம்.

கேரளாவா ஆனைமலையான்னு கேட்டீங்க. செலவுல பெரிய வித்தியாசம் இல்ல, இங்க முத்திரைத்தாள் 8, ரிஜிஸ்ட்ரேஷன் 2, அங்க 7-ம் 2-ம். இருபத்தேழரை லட்சத்துக்கு இங்க இரண்டே முக்கால் லட்சம் ஆகும், அங்க கால் லட்சம் கம்மி. ஆதாரத்துல கம்மியாக் காட்டி மிச்சத்தைக் கைல குடுங்கன்னு கேப்பாங்க, இருபதாயிரம் ரூபாயும் அதுக்கு மேலயும் ரொக்கமாக் கை மாறினா வருமான வரில அந்தப் பணத்தைக் கைல வாங்கினவருக்கு அதே அளவு அபராதம், கணக்குல இல்லாத பணத்துக்கு உங்களுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பென்ஷன்காரங்களுக்கு அந்தத் தலைவலி எதுக்கு. ஆனைமலைப் பக்கம் உங்களுக்குத் தமிழ்லயே பட்டா, சிட்டா, உங்க பென்ஷனர் இன்சூரன்ஸ்ல இருக்கற ஆஸ்பத்திரி பக்கம், இது ரெண்டும் பெரிய ப்ளஸ். ஆனா அங்கயும் பவர், வழி, தண்ணி கேள்வி இதேதான், அப்ரூவல் இல்லாத பிளாட் அங்க ரிஜிஸ்தரே ஆகாது. அதனால ஸ்டேட்டைப் பாக்காதீங்க, துண்டைப் பாருங்க.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, அந்தக் கீழ்ப்பக்கத்து சர்வே நம்பரையும் ரீசர்வே நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க, ஒரு காலைல கிளம்பி வில்லேஜ் ஆபீஸ்ல பி.டி.ஆரும் கிருஷிபவன்ல டேட்டா பேங்க்கும் பாருங்க, ரெண்டும் ஒரே நாள் வேலை. புரையிடம்னு வந்தா தவறினவரோட வாரிசு சர்ட்டிபிகேட் கேளுங்க, அது கைக்கு வந்தப்புறம் பேப்பரை எனக்கோ உங்களுக்குத் தெரிஞ்ச வேற வக்கீலுக்கோ அனுப்புங்க, ப்ரோமோட்டர் காட்டற வக்கீலுக்கு வேண்டாம். அதுக்குள்ள அவர் நாலு தடவை போன் பண்ணி வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க மேடம்பார். இருக்கட்டும்னு சொல்லிடுங்க.